பார்த்ததும் அனுப்பலாமா, தேடிவிட்டு அனுப்பலாமா?

வாசகர் ஒருவர் கேட்டது:

"நல்ல படம், நல்ல பாட்டு, சிரிக்க ஒரு துணுக்கு, அரசியலில் ஒரு சூடான வரி என்று கண்ணில் பட்டதை நாலு பேருக்கு அனுப்புகிறோம். பார்த்தவர் இரண்டு நிமிடம் மகிழ்ந்தால் போதாதா? நீங்கள் ஒவ்வொன்றுக்கும் யார் எடுத்தது, எந்த வருடம், உண்மைதானா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். இப்படி நோண்டினால் ரசிக்க என்ன மிஞ்சும்? பூவைப் பிய்த்து வாசனையைத் தேடுகிற வேலை இது."

ஜனவரி 11, 2025

பூ உவமை எனக்கு ஒப்பவில்லை. தேடிப் பார்த்ததால் பிடிக்காமல் போன படங்கள் உண்டு, மறுக்க மாட்டேன். தேடிய பிறகே பிடித்துப்போனவை அதைவிட அதிகம். ஒன்றைச் சொல்கிறேன்.

பாரிஸ் தெரு ஒன்றின் பழைய படம், "ஆளில்லா நகரம்" என்ற வரியோடு எனக்கு வந்தது. மாடிக் கட்டடங்கள், வரிசையாக மரங்கள், அகலமான சாலை, ஒரு ஈ காக்கை இல்லை. பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது. நானும் அதே வரியோடு இரண்டு பேருக்கு அனுப்பினேன். ஒரு வாரம் கழித்துத்தான் அது என்ன என்று பார்த்தேன். 1838-ல் லூயி டாகேர் உயரமான ஜன்னல் ஒன்றிலிருந்து எடுத்தது. சாலை காலியாக இல்லை. வண்டிகளும் ஆட்களும் போய்க்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள். தகட்டில் உருவம் விழ அப்போது பல நிமிடங்கள் ஆகும் என்பதால் நகர்ந்தவர் யாரும் பதியவில்லை. கீழே இடது பக்கம் ஒருவர் மட்டும் இருக்கிறார். காலைத் தூக்கி வைத்துக் காலணிக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்ததால் அவ்வளவு நேரமும் ஒரே இடத்தில் நின்றிருக்கிறார். மனிதர் பதிந்த முதல் ஒளிப்படம் என்று பொதுவாக இதைத்தான் சொல்கிறார்கள்.

தெரியாமல் பார்த்தபோது அந்த மனிதரை நான் கவனிக்கவே இல்லை. தெரிந்த பிறகு அந்த மூலையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டில் எது ரசனை என்று நீங்களே சொல்லுங்கள்.

ஜனவரி 11, இரவு

ஒன்றை விட்டுவிட்டேன். டாகேர் முறையில் எடுத்தவை கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி விழும். அதனால் நிஜத் தெருவில் அந்த மனிதர் நின்றது மறுபக்கம்.

ஜனவரி 19

"நூறு வருடத்துக்கு முந்தைய ரஷ்யா, வண்ணத்தில்" என்று சில படங்கள் சுற்றுகின்றன. அவற்றை அனுப்பியபோது ஒரு நண்பர், "கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கணினியில் சாயம் பூசியிருக்கிறார்கள்" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார். சந்தேகப்பட்டதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன். கணினி வரைந்ததைக் கேமரா எடுத்தது என்று நம்பி ஏமாறும் காலம் இது. ஆனால் இந்தப் படங்கள் நிஜமாகவே வண்ணத்தில் எடுக்கப்பட்டவை.

எடுத்தவர் செர்கேய் ப்ரோகுதின்-கோர்ஸ்கி. 1909 முதல் 1915 வரை ஜார் மன்னரின் ஆதரவோடு, இருட்டறை வசதியுள்ள ரயில் பெட்டியில் பேரரசு முழுவதும் சுற்றினார். நீளமான ஒரே கண்ணாடித் தகட்டில் ஒன்றின்கீழ் ஒன்றாக மூன்று படம் எடுப்பார். நீல வடிகட்டி வழியே ஒன்று, பச்சை வழியே ஒன்று, சிவப்பு வழியே ஒன்று. மூன்றும் கறுப்பு வெள்ளைதான். அந்தந்த நிற ஒளியில் மூன்றையும் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் வண்ணம் வந்துவிடும். அவருடைய வாரிசுகளிடமிருந்து 1948-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இந்தத் தகடுகளை வாங்கியது. இப்போது ஸ்கேன் செய்து யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறார்கள்.

சாயம் பூசியதில்லை என்று எப்படித் தெரியும்? ஆற்று நீரைப் பாருங்கள். மூன்று படங்களுக்கும் நடுவே சில நொடிகள் ஓடியிருக்கும், அதற்குள் அலை நகர்ந்திருக்கும். அதனால் நீர்ப்பரப்பில் சிவப்பு, பச்சை, நீலக் கீற்றுகள் தனித்தனியாகப் பிரிந்து தெரியும். புகையிலும் இதைப் பார்க்கலாம். பிறகு சாயம் பூசுகிறவருக்கு அலையை இப்படி மூன்றாகப் பிரிக்க எந்தக் காரணமும் இல்லை.

படித்ததோடு விடாமல் நானே ஒரு தகட்டை இறக்கி, மூன்று துண்டாக்கி, மூன்றையும் அடுக்கிப் பார்த்தேன். முதலில் எல்லாம் கலங்கிய மங்கலாக இருந்தது. ஒன்றைக் கொஞ்சம் மேலே தள்ளி, இன்னொன்றை இடப்பக்கம் இழுத்து, ஏறக்குறைய ஒரு மணி நேரம் போராடினேன். ஒரு கட்டத்தில் சட்டென்று எல்லாம் பொருந்தி, ஒரு பெண்ணின் சிவப்புப் பாவாடை முழுச் சிவப்பாக வந்து நின்றது. நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். பூவைப் பிய்த்த வேலைதான் இது. வாசனை போகவில்லை.

ஜனவரி 20

எந்தப் படம் என்று கேட்டிருக்கிறார்கள். முதலில் செய்து பார்க்க, மத்திய ஆசியாவின் புகாராவை ஆண்ட அமீரின் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள், 1911-ல் எடுத்தது. பூ வேலை செய்த நீல அங்கியோடு அசையாமல் உட்கார்ந்திருப்பதால் சுலபமாகப் பொருந்தும். குழந்தைகள் இருக்கும் படங்கள் முதல் முயற்சிக்கு வேண்டாம்.

ஜனவரி 28

இசைக்கு வருவோம். உலகின் மிகப் பழைய பாட்டுப் பதிவு, 1860. பதிந்ததைத் திரும்ப ஒலிக்கவும் செய்த எடிசனின் போனோகிராஃபுக்கு 17 ஆண்டு முந்தியது. பிரான்சில் எட்வார்-லியோன் ஸ்காட் து மார்த்தன்வீல் என்பவர் கரி பூசிய தாளில் குரலின் அதிர்வைக் கோடாக இழுக்கும் கருவி ஒன்றைச் செய்தார். ஏப்ரல் 9 அன்று ஒரு பிரெஞ்சு நாட்டுப்பாட்டின் துண்டு அதில் பதிவானது. திரும்பக் கேட்கும் எண்ணமே அவருக்கு இல்லை. குரலைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை. 2008-ல் ஆய்வாளர்கள் அந்தக் கோட்டைக் கணினியில் படித்து ஒலியாக மாற்றினார்கள். ஒரு சிறுமி பாடுவது கேட்கிறது. கிணற்றடியிலிருந்து வருவதுபோல் சில நொடிகள். இரவில் தனியாகக் கேட்டேன், மனசை என்னவோ செய்துவிட்டது.

ஜனவரி 29

மேலே எழுதியதில் ஒரு பெரிய தப்பு. ஒரு வாசகர் சுட்டிக்காட்டினார், அவருக்கு நன்றி. அது சிறுமி இல்லை.

2008-ல் முதலில் கேட்டவர்கள் பெண் அல்லது குழந்தையின் குரல் என்றுதான் நினைத்தார்கள். அடுத்த ஆண்டே அது திருத்தப்பட்டது. ஸ்காட் தன் தாளில் பாட்டோடு சேர்த்து ஓர் இசைக்கவையின் (தட்டினால் எப்போதும் ஒரே சுருதியில் அதிரும் உலோகக் கவை) அதிர்வையும் பதித்திருந்தார். வேகத்தைக் கணக்கிட அதுதான் அளவுகோல். அந்த இசைக்கவையின் அதிர்வெண்ணை இரண்டு மடங்காக எடுத்துக்கொண்டதால் பாட்டும் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடியிருக்கிறது. சரியான வேகத்தில் ஓடவிட்டால் ஓர் ஆணின் குரல், நிதானமாக, சுரம் சுரமாகப் பாடுகிறது. பெரும்பாலும் ஸ்காட்டே பாடியதாக இருக்க வேண்டும் என்கிறார்கள்.

நான் கேட்டது பழைய, வேகமான பதிப்பு. அது இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கிறது. உண்மையைச் சொன்னால், திருத்திய பதிப்பைக் கேட்டபோது முதலில் ஏமாற்றமாக இருந்தது. அந்தச் சிறுமியை நான் இழந்துவிட்டேன். பூ உவமை சொன்ன நண்பரின் பக்கமும் கொஞ்சம் புரிந்தது. ஆனால் இரண்டு நாளாக அந்த ஆண் குரல்தான் காதில் ஓடுகிறது. கருவியின் முன் உட்கார்ந்து, தடுமாறாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு சுரமாக இழுத்துப் பிடிக்கும் ஒரு மனிதர். தன் குரலைத் திரும்பக் கேட்காமலே போய்விட்டவர். சிறுமியை நினைத்து உருகியதைவிட இது எனக்கு ஆழமாக இறங்குகிறது.

பிப்ரவரி 8

அரசியல் படங்கள். ஸ்டாலின் ஒரு கால்வாய் ஓரம் நடந்து வருகிறார். அவர் பக்கத்தில் குட்டையான ஒருவர், நிகோலாய் யெஷோவ், ரகசியக் காவல் துறையின் தலைவராக இருந்தவர். 1940-ல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அதற்குப் பிந்தைய பதிப்பில் அவர் நின்ற இடத்தில் கால்வாய்த் தண்ணீர் இருக்கிறது. கணினி கிடையாது, தூரிகையும் பொறுமையும் வைத்துச் செய்த வேலை. இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் அனுப்ப வேண்டும். ஒன்றை மட்டும் அனுப்பினால் அது வெறும் நடைப்பயிற்சிப் படம்.

1945-ல் பெர்லினில் ஜெர்மன் நாடாளுமன்றமான ரைஷ்டாக் கட்டடத்தின் மேல் சோவியத் கொடி ஏற்றும் யெவ்கெனி கால்தெயின் படமும் இப்படித்தான். கொடி பிடித்தவரைத் தாங்கும் அதிகாரியின் இரண்டு மணிக்கட்டிலும் கடிகாரம் இருந்தது. கொள்ளையடித்தது என்று தோன்றிவிடும் என்பதால் நெகட்டிவில் ஒன்றைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். பின்னணியில் புகையைக் கூட்டினார்கள்.

இதைத் தேடிக்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டு ஆல்பம் நினைவுக்கு வந்தது. தாத்தாவும் பாட்டியும் நிற்கும் ஒரு படம், வலப்பக்கம் நேராகக் கத்தரித்திருக்கிறது. தாத்தாவின் தோளில் ஒரு கை மட்டும் இருக்கிறது, ஆள் இல்லை. சின்ன வயதில் கேட்டதற்கு, "தாத்தாவோட தம்பி. ஏதோ மனஸ்தாபம்" என்றார்கள். அதற்குமேல் யாரும் பேசவில்லை. படத்தின் பின்புறம் பென்சிலில் "ந்து வலம்" என்று தொடக்கமில்லாத ஒரு துண்டு எழுத்து. வீட்டுக்குள்ளும் யெஷோவ் வேலை நடக்கும் என்று அப்போதே பார்த்திருக்கிறேன்.

பிப்ரவரி 9

பேரிக்காய்க்கு ஒரு தனிக் குறிப்பு போட்டாக வேண்டும்.

பிரான்சு மன்னர் லூயி-ஃபிலிப்பைக் கேலி செய்து படம் வெளியிட்டதற்காக 1831-ல் பத்திரிகையாளர் ஷார்ல் ஃபிலிப்போன் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். அங்கே அவர் நான்கு படம் வரைந்தார். முதலாவது மன்னரின் முகம். இரண்டாவதில் கன்னம் கொஞ்சம் தொங்குகிறது. மூன்றாவதில் பாதிக் காய். நான்காவது சுத்தமான பேரிக்காய். முதல் படம் குற்றம் என்றால் அதைப் போலிருக்கும் இரண்டாவதும் குற்றம், அப்படியே போனால் பேரிக்காய் வரைவதும் குற்றமாகிவிடுமே என்பது அவர் வாதம். தண்டனை தப்பவில்லை, ஆறு மாதம் சிறை. ஆனால் அதற்குப் பிறகு பாரிஸ் சுவர்களில் யார் வேண்டுமானாலும் ஒரு பேரிக்காயைக் கிறுக்கினால் போதும், எல்லோருக்கும் புரிந்தது. அவருடைய பத்திரிகையில் வரைந்த ஒனோரே டோமியேவும் மன்னரைத் தின்று தீர்க்கும் பூதமாக வரைந்ததற்காகச் சிறைக்குப் போனார்.

எனக்கு இந்த நான்கு படங்களும் "முகத்தைப் பழமாக்கும் வித்தை" என்ற வரியோடுதான் வந்தன. மன்னர் இல்லை, வழக்கு இல்லை, சிறை இல்லை. சிரிப்பு மட்டும் மிச்சம். அந்தச் சிரிப்புக்கு ஒருவர் ஆறு மாதம் கொடுத்திருக்கிறார் என்பதை வெட்டிவிட்டு அனுப்புவது எனக்கு வலிக்கிறது.

1906-ல் தொடங்கிய 'இந்தியா' வார இதழில் பாரதியார் கருத்துப்படங்கள் வெளியிட்டபோது கூடவே விளக்கமும் எழுதினார். இன்று அந்தப் படங்களை எடுத்துப் பார்த்தால் அந்த விளக்கம் இல்லாமல் பாதி புரியாது.

பிப்ரவரி 10

"நீ சொல்வதை நான் ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்." வால்டேர் சொன்னதாக இந்த வாரம் மட்டும் மூன்று பேரிடமிருந்து வந்துவிட்டது. எழுதியவர் ஈவ்லின் பீட்ரிஸ் ஹால், 1906-ல், பிரெஞ்சுச் சிந்தனையாளர் வால்டேரின் மனப்போக்கை விளக்க ஹால் தாமே அமைத்த வாக்கியம் அது. நல்ல வாக்கியம். அதை எழுதிய பெண்ணின் பெயரைப் போட்டு அனுப்புங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பிப்ரவரி 23

நண்பரொருவர் ஒரு மணி நேர இசைப்பதிவு அனுப்பி, இது 432 ஹெர்ட்ஸில் உள்ளது, இயற்கையோடு இசைந்தது, இப்போதுள்ள 440-ஐ மனிதரைப் பதற்றத்தில் வைக்க ஹிட்லரின் பிரசார அமைச்சர் கோயபல்ஸ்தான் கொண்டுவந்தார் என்று எழுதியிருந்தார். இசையும் அரசியலும் ஒரே பொட்டலத்தில். வாத்தியங்களுக்குச் சுருதி சேர்க்க அளவாக வைக்கும் சுரம் நொடிக்கு எத்தனை முறை அதிர வேண்டும் என்பதுதான் இந்த எண்.

440-ஐ ஜெர்மானியர் யோகான் ஷைப்ளர் ஸ்டுட்கார்ட்டில் பரிந்துரைத்தது 1834-ல். கோயபல்ஸ் பிறக்க இன்னும் அறுபது வருடத்துக்கு மேல் இருந்தது. பிரான்சு 1859-ல் 435 என்று சட்டமே போட்டது. 1939-ல் லண்டனில் கூடிய பன்னாட்டு மாநாடு 440-ஐ ஏற்றது. 1955-ல் உலகத் தர நிர்ணய அமைப்பும் அதையே சொன்னது. நாட்டுக்கு நாடு சுருதி வேறாக இருந்தால் வாத்தியக்காரர்களுக்கும் வாத்தியம் செய்பவர்களுக்கும் திண்டாட்டம், அதுதான் காரணம்.

ஆனால் 432 முழுக்கக் கட்டுக்கதையும் இல்லை. இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டி அதை ஆதரித்தார், பாடுகிறவர்களின் தொண்டைக்கு உயர்ந்த சுருதி சிரமம் என்பதால். இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அண்டவெளி அதிர்வு, சதி எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் உள்ளே இருப்பது பாடகர்மீது ஒரு கிழவர் வைத்த கரிசனம். பாடுகிறவர் குரலுக்கு ஏற்பச் சுருதியை வைத்துக்கொள்வதைக் கேட்டு வளர்ந்த நமக்கு வெர்டியின் கவலை உடனே புரியும்.

பதிவு நன்றாகவே இருந்தது. அதையும் நண்பரிடம் சொன்னேன்.

மார்ச் 2

வாயேஜர் விண்கலத்தின் தங்கத் தட்டில் தமிழ் வணக்கம் இருக்கிறது என்று வந்த செய்தியைப் பெருமையோடு அனுப்பத் தயாராக இருந்தேன். பட்டியலைப் பார்த்தேன். 1977-ல் அனுப்பிய அந்தத் தட்டில் 55 மொழிகளில் வணக்கம் உண்டு. தெலுங்கு இருக்கிறது, கன்னடம் இருக்கிறது, சுமேரியம்கூட இருக்கிறது. தமிழ் இல்லை. இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்கர் பாடிய ஒரு பாட்டு இருக்கிறது. அதைத் தேடிக் கேட்டேன். தமிழ் வணக்கம் இருக்கிறது என்ற பொய் என்னை அந்தப் பாட்டுவரை கொண்டுபோய்விட்டது. மூன்றரை நிமிடம், இந்தக் குறிப்பை எழுதும்போதும் ஓடுகிறது.

மார்ச் 16

நகைச்சுவை. முதல் கேள்வி கேட்ட நண்பருக்கு இந்த இடத்தில் பாதி விட்டுக்கொடுக்கிறேன்.

ஃபிலோகெலோஸ் என்று ஒரு பழைய கிரேக்கத் துணுக்குத் தொகுப்பு உண்டு. நாலாம் அல்லது ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள், 265 துணுக்குகள். படித்த முட்டாள் ஒருவன் அதில் அடிக்கடி வருவான். இரட்டையரில் ஒருவர் இறந்துபோகிறார். இவன் மற்றவரை வழியில் பார்த்து, "செத்தது நீயா, உன் அண்ணனா?" என்று கேட்கிறான். இன்னொன்று: வாயாடி முடிதிருத்துபவர், "எப்படி வெட்டட்டும்?" என்று கேட்க, "பேசாமல்" என்று பதில். வீட்டில் வாசித்துக் காட்டியபோது குழந்தைகள்கூடச் சிரித்தார்கள். ஆயிரத்தைந்நூறு வருடத்துத் துணுக்கு, நேற்று எழுதியது போல.

சரி, அதை முதலில் சொன்னது யார் என்று தேடினேன். முடிதிருத்துபவர் துணுக்கை அதற்குச் சில நூற்றாண்டு முன்பே கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் ஒரு அரசர் சொன்னதாக எழுதியிருக்கிறார். அப்படியே பின்னால் போய்க்கொண்டே இருக்கலாம். வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையில் ஆற்றைக் கடந்ததும் தன்னை விட்டுவிட்டு மற்றவரை எண்ணி, ஓர் ஆள் குறைகிறதே என்று அழுவார்களே, அதே கணக்கு இங்கிலாந்தின் காத்தம் ஊர்க்காரர்களைப் பற்றிய பழைய கதையிலும் இருக்கிறது. துணுக்குக்குச் சொந்தக்காரரைக் கண்டுபிடிக்க முடியாது. அதற்குத் தேவையும் இல்லை என்று தோன்றுகிறது. துணுக்கு வந்தால் பேர் கேட்காமல் அனுப்புங்கள்.

மார்ச் 18

விட்டுக்கொடுத்த பாதியில் கொஞ்சத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

துணுக்குக்குப் பேர் வேண்டாம், ஆனால் அது துணுக்கு என்பது தெரிய வேண்டும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1982-ல் கணினி வழியே பேசிக்கொண்டிருந்தவர்கள், அறுந்து விழும் மின்தூக்கிக்குள் ஒரு துளி பாதரசம் இருந்தால் என்ன ஆகும் என்று புதிர் போட்டார்கள். அதையொட்டி ஒருவர், மின்தூக்கியில் பாதரசம் கொட்டிவிட்டது, எச்சரிக்கை என்று விளையாட்டாக எழுத, சிலர் உண்மை என்று நம்பிவிட்டார்கள். அதன் பிறகு செப்டம்பர் 19 அன்று ஸ்காட் ஃபால்மன் ஒரு யோசனை சொன்னார்: முக்காற்புள்ளி, ஒரு சிறு கோடு, மூடும் அடைப்புக்குறி. கழுத்தைச் சாய்த்துப் பார்த்தால் சிரிக்கும் முகம். வேடிக்கைக்கு இதைப் போடுவோம் என்றார். அந்தச் செய்தியே பல வருடம் காணாமல் போயிருந்தது. 2002-ல் பழைய காப்பு நாடாக்களைத் தோண்டித்தான் எடுத்தார்கள்.

தினமும் நாம் தட்டும் சிரிப்பு முகத்துக்கு வேர், துணுக்கைத் துணுக்கென்று தெரியாமல் நம்பிய குழப்பம். அரசியல் நையாண்டியை அப்படியே செய்தியாக அனுப்பிவிட்டு இரண்டு நண்பர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டதை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஒருவர் கடைசிவரை அது நையாண்டி என்று தெரியாமலே கோபமாக இருந்தார்.

ஏப்ரல் 6

இதை எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன்.

ஒளிப்படக் கலைஞர் டாரத்தியா லாங் 1936-ல் கலிபோர்னியாவில் எடுத்த தாயின் படம். இரண்டு பிள்ளைகள் தோளில் முகம் புதைத்திருக்க, கன்னத்தில் கை வைத்து எங்கோ பார்க்கிறாரே, அவர். வறுமை என்றால் எல்லோரும் எடுத்துப் போடும் படம். லாங் அவர் பெயரைக் கேட்கவில்லை. 1978-ல்தான் அவர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று உலகத்துக்குத் தெரிந்தது. தன்னை அந்தப் படம் எடுத்திருக்கவே வேண்டாம் என்று நினைப்பதாக அவர் சொன்னார். அதனால் அவருக்கு ஒரு காசும் வரவில்லை. அரசு வேலையாக எடுத்தது என்பதால் லாங்குக்கும் அதில் உரிமைத்தொகை இல்லை. படத்தோடு சொல்லப்பட்ட சில விவரங்களைக் குடும்பத்தார் மறுத்தார்கள்.

இந்த இடத்தில் தேடல் எனக்கு மகிழ்ச்சி தரவில்லை. படம் முன்பு போலவே அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அதைப் பார்க்கும் என் கண் கூசுகிறது.

அன்றே என் தொலைபேசியைத் திறந்தேன். மூன்று வருடம் முன்பு ரயிலில் எதிர் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு முதியவரைப் படம் எடுத்தேன். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழுந்திருந்தது. நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். "களைப்பு" என்று பெயர் போட்டுப் பலருக்கு அனுப்பினேன், அவர்கள் வேறு பலருக்கு அனுப்பினார்கள். அவர் களைத்திருந்தாரா, சும்மா கண்ணயர்ந்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கவில்லை. என்னிடம் இருந்ததை அழித்துவிட்டேன். போனவற்றை அழிக்க முடியாது.

ஏப்ரல் 9

"அப்படிப் பார்த்தால் எதையுமே அனுப்ப முடியாதே" என்று அதே வாசகர் எழுதியிருக்கிறார். நான் அனுப்புவதை நிறுத்தவில்லை, குறைத்திருக்கிறேன். பழைய படமென்றால் அதைக் கொண்டே தேடி, முதலில் எங்கே வந்தது என்று பார்க்கிறேன், பெரும்பாலும் ஐந்து நிமிட வேலை. கிடைத்ததை ஒரு வரியில் கூட எழுதி அனுப்புகிறேன். கிடைக்காவிட்டால் "எங்கிருந்து என்று தெரியவில்லை" என்று எழுதுகிறேன். அந்த வரியைப் பார்த்துவிட்டு யாராவது ஒருவர் தேடிக் கண்டுபிடித்துச் சொல்கிறார். உயிரோடிருக்கும் தனிமனிதர் முகமென்றால் அனுப்புவதில்லை.

மே 18

அரசியல் எழுத்தில் என்னை நிலைகுலைய வைத்த ஒன்று. 1969 ஜூலை 18, நிலவில் மனிதர் இறங்க இரண்டு நாள். வெள்ளை மாளிகையில் அதிபருக்கு உரை எழுதித்தரும் வில்லியம் சஃபையர், ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் திரும்ப முடியாமல் போனால் அதிபர் நிக்சன் படிக்க ஓர் உரை எழுதி வைத்தார். கடைசியில் நடைமுறைக் குறிப்புகள்: உரைக்கு முன் அதிபர் அவர்களின் மனைவியரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். தொடர்பைத் துண்டிக்கும் நேரத்தில் மதகுரு ஒருவர் கடலில் அடக்கம் செய்யும் சடங்கு முறையைப் பின்பற்ற வேண்டும். தேவைப்படாமல் போன காகிதம், ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஆறுதலாக எழுதப்பட்ட உரையைவிட இந்த வறண்ட குறிப்புகள்தான் என்னை அழவைத்தன.

நிக்சன் அதைப் படிப்பது போன்ற காணொளியும் உண்டு. 2019-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் செய்தது. செய்தவர்கள் போலி என்று சொல்லித்தான் காட்டினார்கள். கையில் கிடைக்கும் துண்டில் அந்த வரி இருக்காது. தட்டச்சு செய்த காகிதத்தின் படத்தை அனுப்புங்கள், அது போதும்.

மே 25

கௌஹர் ஜான், 1902, கல்கத்தா. இந்தியாவில் எடுத்த முதல் இசைத்தட்டுப் பதிவுகளில் பாடியவர்களில் ஒருவர். மூன்று நிமிடம் பாடிவிட்டு முடிவில், "என் பெயர் கௌஹர் ஜான்" என்று ஆங்கிலத்தில் கணீரென்று அறிவிப்பார். தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவருக்குப் போய் அச்சாகும், அங்கே யார் பாட்டு என்று குழம்பாமல் இருக்க இந்த ஏற்பாடு. எத்தனை கை மாறினாலும் அவர் பெயரைப் பிரிக்க முடியாது, கடைசி நொடியை வெட்டினால் தவிர. வெட்டிய பதிப்பும் எனக்கு வந்தது.

ஜூன் 21

பிப்ரவரி 8 அன்று எழுதிய ஆல்பம் விஷயத்தைத் திருத்த வேண்டும்.

சென்ற வாரம் அத்தை வந்திருந்தார். எண்பத்தொன்று வயது. தோளில் கை மட்டும் இருக்கும் படத்தைக் காட்டி மனஸ்தாபம் என்ன என்று கேட்டேன். "மனஸ்தாபமா? யார் சொன்னது?" என்றார். சித்தப்பா இளம் வயதிலேயே இறந்துபோனாராம். அவருக்கு வேறு படமே கிடையாது. பெரிதாக்கிச் சட்டம் போட வேண்டும் என்று ஸ்டூடியோவுக்குக் கொடுப்பதற்காக அவர் இருந்த பக்கத்தைத் தாத்தாவே கத்தரித்திருக்கிறார். கத்தரிக்கும்போது தன் தோளில் இருந்த கையை மட்டும் வெட்ட மனம் வராமல் சுற்றிவிட்டிருக்கிறார். ஆல்பத்தை எடுத்து மறுபடி பார்த்தேன். உண்மைதான், அந்த இடத்தில் மட்டும் வெட்டு நேராக இல்லை. இத்தனை வருடம் பார்த்தும் நேராகக் கத்தரித்தது என்றே எழுதியிருக்கிறேன்.

பெரிதாக்கிய படம் யார் வீட்டுக்குப் போனது என்று தெரியவில்லை. வெட்டிய துண்டு அத்தையிடம் ஒரு கடித உறைக்குள் இருந்தது. நேற்று அனுப்பியிருந்தார். இரண்டையும் மேசைமேல் வைத்துச் சேர்த்தேன். சித்தப்பாத் தாத்தா சிரித்துக்கொண்டிருக்கிறார், முழங்கைவரை. பிறகு இரண்டையும் திருப்பி வைத்தேன். அவர் துண்டின் பின்னால் பென்சிலில் "1958. இடமிரு" என்று இருக்கிறது.